விரலைத் தொடரும் கண்கள், கூர்மை இழக்கும் நினைவு

பல் மருத்துவமனையில் நான்கு பேர் கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க, ஒரு சிறுவனுக்குப் பல் பிடுங்கப்படுகிறது. அதன்பின் அவன் வெள்ளை விளக்கைக் கண்டாலே அலறுகிறான். இரவில் தூக்கமில்லை. பேசிவந்த ஓரிரு சொற்களும் நின்றுபோகின்றன. ஆட்டிசம் இல்லாத பிள்ளையென்றால் 'பயந்துவிட்டான்' என்று உடனே புரிந்துகொள்வோம். ஆட்டிசம் உள்ளவனென்றால் எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இப்படித்தான் பல பிள்ளைகளின் மன அதிர்ச்சி கண்ணில் படாமலேயே போகிறது. சிகிச்சையைப் பற்றிய பேச்சே அதைக் கண்டுகொண்ட பிறகுதான் தொடங்க முடியும்.

அத்தகைய சிகிச்சைகளில் ஒன்று இஎம்டிஆர் (EMDR). கண்ணசைவின் துணையோடு கொடிய நினைவின் வேதனையைத் தணிக்கும் மனநலச் சிகிச்சை அது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பீரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இப்படியும் அப்படியும் அசைய, தன்னை வாட்டிய எண்ணங்களின் வேகம் தணிவதைக் கவனித்தார். 1989இல் தன் முதல் ஆய்வை வெளியிட்டார். இன்று அது 8 கட்டங்கள் கொண்ட முறை. அதன் நடுப்பகுதியில், நினைவின் மிகக் கொடிய காட்சியை மனத்தில் நிறுத்தியபடியே, சிகிச்சையாளரின் விரல் வலமும் இடமும் போய்வருவதைக் கண்ணால் தொடர வேண்டும். சற்று நேரத்தில் நிறுத்தி, 'இப்போது என்ன தோன்றுகிறது?' என்று கேட்பார்கள். பிறகு மறுபடியும் விரல் நகரும். வேதனையை 0 முதல் 10 வரை அளந்துகொண்டே போவார்கள்.

விரலைப் பார்ப்பதால் வேதனை ஏன் குறைய வேண்டும்? மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திசைகின்றன என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. இடமும் வலமும் போகாமல், கண்ணை மேலும் கீழும் அசைத்தாலும் பலன் கிடைப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வலியுறுத்தும் விளக்கம் வேறு. ஒரு விஷயத்தை அந்த நேரத்துக்கு மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் செயல்படு நினைவகத்துக்கு இடம் மிகக் குறைவு. எட்டு இலக்கத் தொலைபேசி எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இரண்டில் ஒன்று சிதறுகிறதல்லவா? அதேபோல் விரலைத் தொடரும் வேலை பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ள, கொடிய காட்சிக்கு எஞ்சுவது மீதிதான். காட்சி மங்குகிறது. அப்படி மங்கிய நிலையிலேயே அது மீண்டும் சேமிக்கப்படுகிறது என்பது கருத்து. நடந்தது மறந்துபோவதில்லை, அதை நினைக்கும்போது உடல் நடுங்குவது குறைகிறது. கண்ணசைவே தேவையில்லை என்று கூறிய ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதம் முடிந்துவிடவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதை அப்படியே செய்ய முடியாது. முகத்துக்கு அருகே அசையும் விரலே சிலருக்குத் தாங்க முடியாத தொல்லை. அவர்கள் கையில் மாறி மாறி அதிரும் சிறு கருவிகளைக் கொடுக்கலாம். அல்லது கைகளை மார்பின் குறுக்கே வைத்துத் தோள்பக்கம் மாறி மாறித் தட்டும் 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு' இருக்கிறது. 1997இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய புயலில் தப்பியவர்களுக்கு உதவும்போது பிறந்த முறை அது. தன் உணர்வுக்குப் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் 0 முதல் 10 வரை எண் கேட்பதில் பயனில்லை. படம், நிறம், கைகளை விரித்துக் காட்டும் அளவு ஆகியவை உதவும். பேசாத பிள்ளைக்கு, நடந்ததைப் பெற்றோர் எளிய கதையாகச் சொல்ல, சிகிச்சையாளர் மெல்லத் தட்டுவார். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். எது அதிர்ச்சி என்பதையும் பெரியவர்கள் தீர்மானிக்கக் கூடாது. பள்ளியில் திடீரென ஒலித்த தீ எச்சரிக்கை மணிகூட ஒரு பிள்ளையின் மனத்தில் விபத்தாகப் பதியலாம்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குக் குழந்தைகளிடமும் இம்முறையைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல், குழந்தைகளுக்கு முதலில் அதிர்ச்சி சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை), அது பலிக்காதபோது இதையும் வைக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் சிறியவை. குழந்தைகளைப் பற்றியவை பெரும்பாலும் தனித்தனி நோயாளர் குறிப்புகள். இது ஆட்டிசத்தை மாற்றும் சிகிச்சையும் அல்ல. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பயிற்சி பெற்ற குழந்தை உளவியலாளர் முதல் அமர்வுகளில் விரலை அசைக்கவே மாட்டார். பிள்ளை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். வகுப்பில் கேலியும் அடியும் தொடர்ந்தால் முதலில் பள்ளியோடு பேசுவார். அடுத்த பல் சிகிச்சைக்கும் நான்கு பேர் பிடிக்கப்போகிறார்கள் என்றால், அந்தப் பல் மருத்துவரோடு பேசுவார்.