வாளியில் அள்ளிய கடல்நீரும் ஒரு சந்தேகமும்

பருவநிலை மாற்றச் செய்திகளை நம்பாதவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கு வந்து நிற்பார்கள்: "பழைய வெப்பநிலைப் பதிவுகளையே திருத்திவிட்டார்களே, அப்புறம் எதை நம்புவது?" அப்படியெல்லாம் இல்லை என்று மறுப்பவர் அந்த விவாதத்தில் தோற்றுவிடுவார். திருத்தியது உண்மைதான். எதற்காகத் திருத்தினார்கள், எந்தப் பக்கமாகத் திருத்தினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செய்திகளில் அந்தப் பகுதி அரிதாகத்தான் வருகிறது.

பூமியின் மேற்பரப்பில் சுமார் 70 சதவீதம் கடல். நூறு ஆண்டுகளுக்கு முன் அதன் சூட்டை எப்படி அளந்தார்கள்? மாலுமி ஒருவர் கயிறு கட்டிய வாளியைக் கடலில் வீசுவார். நீரோடு இழுத்துத் தளத்தில் வைப்பார். வெப்பமானியை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவார். கனமான மரவாளி என்றால் பெரிய சிக்கல் இல்லை. கித்தான் வாளியில்தான் வம்பு. கித்தான் நனைந்து கசியும், தளத்திலோ காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஈரத்துணியைக் காற்றில் பிடித்தால் சில்லென்று ஆகிறதல்லவா, அதே வேலை வாளியிலும் நடக்கும். மாலுமி வெப்பமானியைப் பார்ப்பதற்குள் நீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். குறிப்பேட்டில் ஏறியது கடலின் வெப்பநிலை அல்ல, வாளியின் வெப்பநிலை.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இன்னொரு குழப்பம். இரவில் விளக்கோடு தளத்தில் நின்று வாளியை இழுத்தால் எதிரி பார்த்துவிடுவான். அதனால் எந்திரத்தைக் குளிர்விப்பதற்காகக் கப்பலுக்குள் இழுக்கும் கடல்நீரில் அளந்தார்கள். எந்திர அறையின் சூட்டில் அது சற்றுக் கூடுதலாகவே காட்டும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களில் பழையபடி வாளி அளவீடுகள் கூடின. விளைவு, 1945 வாக்கில் உலகக் கடல்கள் திடீரென்று குளிர்ந்துபோனதைப் போல வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. கடல் பாவம், ஒன்றும் செய்யவில்லை. மாறியதெல்லாம் அளந்த விதம்தான். இதை ஆய்வாளர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 2008-ல்.

சரி, இதை எப்படிச் சரிசெய்வது? வாளியில் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தப் பழைய அளவுகளை அவ்வளவு உயர்த்த வேண்டும். அப்படித்தான் செய்தார்கள். பழைய கடலைச் சூடாகக் காட்டினால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தாத தரவில்தான் புவி அதிகமாகச் சூடேறியதாகத் தெரிகிறது. வெப்பமாதலைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காகத் திருத்தினார்கள் என்றால், வேலையைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்!

எல்லா இடத்திலும் இப்படியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நிலப்பகுதியில் திருத்தம் வெப்பமாதலைக் கூட்டவே செய்கிறது. அங்கே தன்னார்வலர்கள் முன்பு மாலையில் கருவியைப் பார்த்துவந்தார்கள், பிறகு பலர் காலைக்கு மாறினார்கள். அந்தக் கருவி நாளின் உச்சச் சூட்டையும் மிகக் குறைந்த சூட்டையும் நினைவில் வைத்திருக்கும். கொளுத்தும் மாலையில் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்கவைத்தால், அந்த மாலையின் சூடே மறுநாளின் உச்சமாகவும் பதிவாகிவிடலாம். ஒரே வெயில் இரண்டு முறை கணக்கில் சேரும். காலையில் பார்த்தால் இதே கோளாறு குளிரான நாட்களுக்கு நேரும். நேரம் மாறியதால் மட்டுமே அமெரிக்கா குளிர்ந்ததுபோலத் தெரிந்ததைத்தான் சரிசெய்தார்கள்.

இதையெல்லாம் நம்பாமல் தானே கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் முல்லர். அவர் 2010-ல் பெர்க்லி எர்த் என்ற திட்டத்தைத் தொடங்கினார். எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் சம்பாதித்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. நிலத்து வெப்பநிலையை வேறு முறையில் முதலிலிருந்து கணக்கிட்டார்கள். கிடைத்த கோடு பழைய கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. வெப்பமாதல் உண்மை, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்களே என்று 2012-ல் முல்லர் எழுதினார். எனக்கு அவரைப் பிடிப்பது மனம் மாறியதற்காக அல்ல. என்ன கண்டால் தன் சந்தேகம் தீரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தாரே, அதற்காக.

செய்திகள் மேல் வரும் சந்தேகம் வேறு. அதில் பாதிக்கு மேல் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அதன் வேரைத் தேடிப்போனால் 1999-ல் ஓர் இதழில் வந்த பேட்டியில் போய் முடிந்தது. பனியாற்று ஆய்வாளர்களே தவறைச் சுட்டிக்காட்டினார்கள், 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. அதுவரை அந்த 2035 பல தலைப்புச் செய்திகளில் சுற்றிவிட்டது. பனியாறுகள் சுருங்குவது உண்மை, அந்த ஆண்டுதான் பொய்.

சில நேரம் எண் சரியாக இருந்தும் தலைப்பு சறுக்கிவிடும். 2014-தான் பதிவிலேயே மிகச் சூடான ஆண்டு என்று 2015 ஜனவரியில் நாசா அறிவித்தது. உடன் வந்த அட்டவணையில், அப்படி இருப்பதற்கான வாய்ப்பு 38 சதவீதம் என்று இருந்தது. ஒரு தரப்பு "வரலாறு காணாத வெப்பம்" என்றது. மறு தரப்போ, "62 சதவீதம் பொய்யாம்" என்று சிரித்தது. அதே அட்டவணையில் 2010-க்கு 23 சதவீதம், 2005-க்கு 17 சதவீதம், 1998-க்கு வெறும் 4. போட்டியில் பல ஆண்டுகள், வித்தியாசமோ டிகிரியில் நூறில் சில பங்கு, அளவீட்டுப் பிழையும் கிட்டத்தட்ட அவ்வளவே. அப்படியிருக்க முன்னணியில் நிற்பவருக்கே 38 தான் கிடைக்கும். மேலே நிற்கும் மூன்றுமே 2000-க்குப் பிந்தைய ஆண்டுகள் என்பதை இரண்டு தரப்பும் தாண்டிப் போய்விட்டன. மறு ஆண்டு 2015 சுமார் 0.13 டிகிரி மேலே போனது. இம்முறை நாசா கொடுத்த வாய்ப்பு 94 சதவீதம்.