பாதுகாப்பு மென்பொருளின் அடுத்த பதிப்பு ஏன் உடனே வருவதில்லை?

அடுத்த பதிப்பு விரைவில் வரும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் அது வந்தபாடில்லை. அப்டேட் பொத்தானை அழுத்தினால், எல்லாம் புதிய நிலையில்தான் இருக்கிறது என்று பதில் வருகிறது. கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பார்த்தால், சில மணி நேரத்துக்கு முன்புதான். அப்படியானால் ஏற்கெனவே வந்தது எது? இன்னும் வராதது எது?

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குள் இரண்டு பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன. ஒன்று எஞ்சின். கோப்பைத் திறப்பது, சுருக்கி வைத்திருந்தால் விரிப்பது, சந்தேகத்துக்குரிய நிரலைப் போலியான ஒரு கணினிச் சூழலில் சற்று ஓடவிட்டு அதன் நடத்தையைக் கவனிப்பது எல்லாம் அதன் வேலை. மற்றது வரையறைக் கோப்பு. எதைக் கண்டால் பிடிக்க வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்லும் பட்டியல் அது. பட்டியல் நாளுக்குப் பல தடவை ஓசையில்லாமல் வந்து சேரும். நாம் வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பது பெரும்பாலும் எஞ்சினுக்காகத்தான்.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். ஒரு கோப்பை அடையாளம் காண எளிய வழி, அதன் கணிதக் கைரேகையைக் குறித்துக்கொள்வது. எஸ்எச்ஏ-256 என்ற முறை எவ்வளவு பெரிய கோப்பையும் 256 பிட் நீளமுள்ள ஒற்றை எண்ணாக மாற்றித் தரும். கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் அந்த எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். தவறிப்போய் நல்ல கோப்பைப் பிடிக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நச்சுநிரல் எழுதுகிறவனுக்கும் இது தெரியும். ஒவ்வொரு கணினிக்கும் அனுப்பும்போது ஒரு பைட்டை மாற்றி அனுப்புகிறான். கைரேகை பயனற்றுப் போகிறது.

ஆகவே ஆய்வாளர்கள் நிரலின் உள்ளே, அவன் எளிதில் மாற்ற முடியாத ஒரு பகுதியைத் தேடுகிறார்கள். சிரமம் தொடங்குவது இங்கேதான். விண்டோஸில் இயங்கும் நிரல் கோப்பு எதைத் திறந்தாலும் முதல் இரண்டு பைட்டுகள் 77, 90 என்றே இருக்கும். அவற்றை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. சற்று உள்ளே போனால் 85, 139, 236 என்று மூன்று பைட்டுகள் வரிசையாகத் தென்படும். பார்த்தால் தனி அடையாளம் போலத் தோன்றும். உண்மையில் அது 32 பிட் நிரல்களில் ஒரு செயற்கூறு தொடங்கும்போது கம்பைலர் (மனிதர் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) வழக்கமாக எழுதிவைக்கும் முன்னுரை. இந்த மூன்று எண்களை யாராவது பட்டியலில் சேர்த்துவிட்டால், கணினியிலுள்ள எண்ணற்ற நல்ல நிரல்கள் குற்றவாளிகளாகிவிடும். அதனால்தான் புதிய விதி ஒவ்வொன்றையும் வெளியிடுவதற்கு முன், நல்லவை என்று உறுதியான கோப்புகளின் பெருந்தொகுப்பின் மீது ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு விதியை எழுதுவதைவிட, அது தவறாகப் பாயாது என்று உறுதி செய்வதற்கே அதிக உழைப்பு தேவை என்பேன்.

அந்த உறுதி தவறினால் என்ன ஆகும் என்பதை 2010 ஏப்ரல் 21 காட்டியது. வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபி அன்று வெளியிட்ட 5958 எண்ணுள்ள பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பை வைரஸ் என்று பிடித்து ஒதுக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. வலையமைப்புத் தொடர்பும் அறுந்தது. தொடர்பு இல்லாததால், திருத்திய பட்டியலைத் தானாக இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. பாதிக்கப்பட்ட கணினிகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

எஞ்சினின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அதன் ஒரு பகுதி இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் இயங்குகிறது. சாதாரண நிரல் தடுமாறினால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இயங்கும் நிரல், படிக்கக் கூடாத நினைவக இடத்தைப் படித்துவிட்டால் கணினி முழுவதுமே நின்றுவிடும்.

2024 ஜூலை 19 அன்று நடந்ததும் இதுதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், உலகப் பொது நேரப்படி காலை 4.09 மணிக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்லும் ஒரு சிறிய உள்ளடக்கக் கோப்பை அனுப்பியது. அதிலிருந்த விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினியில் ஏற்கெனவே இருந்த நிரலோ 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத 21ஆவது உள்ளீட்டைத் தேடி நினைவகத்தின் எல்லையைத் தாண்டியது எஞ்சின். முந்தைய சோதனைகளில் அந்த 21ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற குறியே இருந்ததால், அதை எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. அதனால் பிழை வெளிப்படவும் இல்லை. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியிருந்தன. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைகளில் பணிகள் தடைப்பட்டன.

கவனியுங்கள்: ஒளிந்திருந்த பிழை எஞ்சினில், அதைத் தட்டி எழுப்பியதோ வேகமாக வந்து போகும் கோப்பு. எஞ்சினைப் பொறுமையாகச் சோதித்தால் போதும், பட்டியல் அவசரமாகப் போகலாம் என்று இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்பதை நான் புரிந்துகொண்டது இந்த நிகழ்விலிருந்துதான். இதற்குப் பிறகு அந்த நிறுவனம் உள்ளடக்கக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பத் தொடங்கியது. முதலில் சொந்தக் கணினிகளுக்கு, பிறகு முன்வரும் சிலருக்கு, கோளாறு இல்லையென்றால் மற்றவர்களுக்கு. எஞ்சின் அப்டேட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியாகின்றன. அடுத்தவருக்கு வந்த பதிப்பு நமக்கு இன்னும் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வந்து சேரும் கோப்பு அசல்தானா என்பதும் ஒரு கேள்வி. தயாரிப்பாளரின் இரகசியச் சாவியால் இட்ட மின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே மென்பொருள் அதை நிறுவும். இதையும் ஏமாற்றியிருக்கிறார்கள். 2012இல் கண்டறியப்பட்ட ஃபிளேம் என்ற நச்சுநிரல், எம்டி5 என்ற பழைய கைரேகை முறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி, மைக்ரோசாப்ட்டின் கையொப்பம் போன்ற ஒன்றை உருவாக்கி, விண்டோஸ் அப்டேட் வேடத்தில் பரவியது.

இவ்வளவு ஆபத்து என்றால், நிதானமாக ஒரு மாதம் கழித்து நிறுவலாமே என்று தோன்றும். அது இன்னும் மோசம். இயங்குதளத்தின் ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியான மறுகணமே, தாக்க நினைப்பவர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வன்னாக்ரை என்ற நச்சுநிரல் பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே அடைத்துவிட்டது. தாக்குதல் மே 12 அன்று வந்தது. இடையில் 59 நாட்கள். மாட்டிக்கொண்ட கணினிகள் அந்த அப்டேட்டை நிறுவாதவை.

காத்திருக்கும் நாட்களில் நான் பார்ப்பது மென்பொருளின் பதிப்பு எண்ணை அல்ல. அமைப்புகளுக்குள் சற்று ஒதுங்கியிருக்கும் வரையறைக் கோப்பின் தேதியை. அது இன்றைய தேதியாக இருந்தால் பட்டியல் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூன்று நான்கு நாட்கள் பின்தங்கியிருந்தால், புதிய பதிப்பை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்கிறேன். புதிய பதிப்பை இப்போதே பெறலாம் என்று ஏதோ ஒரு பக்கத்தில் சட்டென்று எழும் பெட்டியை மட்டும் தொடுவதே இல்லை. மென்பொருளின் உள்ளேயிருந்து வரும் வழியில்தான் கையொப்பச் சோதனை இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து இறங்கும் கோப்பைத் திறக்கும்போது, அதைச் சோதிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்துவிடுகிறது.