நாக்அவுட்: எழுந்து நிற்பவரையும் கவனியுங்கள்

விளையாட்டு மருத்துவராக மைதானத்தின் ஓரத்தில் உட்காரும்போது, அடிபட்டு மயங்கி விழுந்தவரால் எனக்குத் தகராறு வருவதில்லை. அவரை எப்படியும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிவிடுவார்கள். "எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், விடுங்கள்" என்று எழுந்து நிற்பவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் நாக்அவுட் சுற்று என்றால் கேட்கவே வேண்டாம். தோற்றால் தொடரை விட்டே வெளியேற வேண்டும் என்பதால், தலைசுற்றலை வீரரும் மறைப்பார், பயிற்சியாளரும் கண்டுகொள்ள மாட்டார்.

குத்துச்சண்டையில் கீழே விழுந்தவர் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் நாக்அவுட். எழுந்துவிட்டால் மூளையும் தேறிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து தலையை வெடுக்கென்று திருப்புகிறது. மண்டையோட்டின் வேகத்துக்கு உள்ளிருக்கும் மூளையால் ஈடுகொடுக்க முடியாமல் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. இந்தத் திண்டாட்டம் நாள்கணக்கில் நீடிக்கலாம். ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அந்த அறிக்கையைக் காட்டி மறுநாளே பயிற்சிக்கு அனுமதி கேட்பவர்கள் உண்டு!

மயக்கமே வராமலும் மூளை அதிரும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் தலையில் அடிபட்ட ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தொடர்ந்து ஆடினார். "இது இறுதியாட்டம்தானா?" என்று நடுவரிடமே கேட்டார். 31-ஆவது நிமிடத்தில்தான் அவரை மாற்றினார்கள். கிரிக்கெட்டில் 2019 முதல், இப்படி அடிபட்டவருக்குப் பதிலாக வருபவர் பேட்டிங்கும் பந்துவீச்சும் செய்யலாம். அணிக்கு ஆள் குறையாது என்றால் வீரர் உண்மையைச் சொல்வார், நல்ல விதி.

ஆய்வகத்தில் நாக்அவுட் என்றால் வேறு. ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து சுண்டெலியை வளர்த்து, அந்த மரபணுவின் வேலை என்ன என்று பார்ப்பார்கள். 2007-இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. தலைக்காய ஆராய்ச்சிக்கும் இந்த எலிகள் உதவுகின்றன. ஆடவிடச் சொல்லி அவை அடம்பிடிப்பதில்லை.

தலையில் அடிபட்டபின் குழப்பம், தள்ளாட்டம், மறதி எது தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, ஓட்டம், பயிற்சி என்று படிப்படியாக. மோதல் உள்ள ஆட்டம் மருத்துவர் அனுமதித்த பிறகே. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இருந்தாலோ காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.