ரூபார்ப்: வேருக்கு ஒரு பெயர், தண்டுக்கு ஒரு பெயர்

ரூபார்ப் என்னும் செடியின் தண்டில் குளிர்பானம் செய்யும் முறையைத் தமிழில் எழுத முனைபவருக்கு முதல் தடங்கல் அந்தப் பெயர்தான். அகராதியைப் புரட்டினால் விடை உடனே கிடைக்கிறது: இரேவற்சின்னி. வழக்கில் ரேவல்சின்னி. விடையில் பிழை இல்லை. ஆனால் சமையல் குறிப்பில் அதை அப்படியே போட்டால் வம்பு.

ரேவல்சின்னி என்று மருத்துவ நூல்கள் சொல்வது செடியின் வேரை. காயவைத்த மஞ்சள் நிற வேர். கசப்பானது, பேதி மருந்து. பானத்துக்கு வேண்டியதோ அதே இனத்தின் தோட்ட வகையில் வளரும் புளிப்பான இலைத்தண்டு. பெயரை நம்பி நாட்டு மருந்தை வாங்கிக் கொதிக்கவைத்தவருக்குத் தாகம் தீராது, வயிறுதான் போகும்.

சொல்லின் பிறப்பும் வேரைச் சுற்றியதே. பாரசீகத்தில் இச்செடிக்கு ‘ரேவந்த்’ என்று பெயர். சீனத்திலிருந்து வந்த உயர்ந்த சரக்கு ‘ரேவந்த்-இ-சீனி’, அதாவது சீனத்து ரேவந்த். அதுவே தமிழில் ரேவல்சின்னி ஆனது. ரகரம் சொல்லின் முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம்; லகரமும் சகரமும் புணர்ந்ததால் றகரம். இப்படி இலக்கணச் சட்டை போட்டுக்கொண்டதுதான் இரேவற்சின்னி. நாம் சர்க்கரையைச் சீனி என்பதும் அதே சீனத்தின் பெயரால்தான்.

மேற்கே போன பெயருக்கு வேறு கதை. கிரேக்கர்கள் இந்த வேரை ‘ரா’ என்றார்கள். ரஷ்யாவின் வோல்கா ஆற்றின் பழைய பெயரும் அதுவே. அந்த ஆற்றங்கரையில் அதே பெயருள்ள மருந்து வேர் விளைகிறது என்று 4ஆம் நூற்றாண்டு ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதியிருக்கிறார். அயலாரைக் குறிக்கும் ‘பார்பரோஸ்’ என்ற சொல் அதனுடன் ஒட்டி, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் ரூபார்ப் ஆனது. ஆக, கிழக்கே ‘சீனத்துச் சரக்கு’, மேற்கே ‘அந்நியச் சரக்கு’. 1839இல் சீன அதிகாரி லின் சேசூ விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் ரூபார்பும் இல்லாமல் அந்நியர் வாழ முடியாது என்ற பொருளில் எழுதியதும் இந்த வேரைப் பற்றித்தான். தண்டைச் சமைக்கும் வழக்கம் பரவலானது சர்க்கரை மலிந்த பிறகே.

சரி, தண்டை என்னவென்று அழைப்பது? கீரை என்ற சொல்லை மட்டும் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி, அது நஞ்சு. முதல் உலகப் போர்க்கால பிரிட்டனில் காய்கறிக்கு மாற்றாக அந்த இலையைத் தின்னச் சொல்லி, நஞ்சேறிய சம்பவங்கள் உண்டு. பழம் என்பதும் முழுப் பொருத்தமில்லை. தாவரவியலில் இது வெறும் இலைக்காம்பு. ஆனால் பழம்போலவே இனிப்பிட்டுச் சமைப்பதால், 1947இல் அமெரிக்கச் சுங்க நீதிமன்றம் ஒன்று இறக்குமதி வரிக்காக இதைப் பழம் என்றே தீர்ப்பளித்தது! வழக்குக்கு அது போதும். தமிழுக்கு ‘ரூபார்ப் தண்டு’ என்பதே என் தேர்வு. வேருக்கு ரேவல்சின்னி இருக்கட்டும்.

பானத்துக்குப் பெயர் தேடி அலையத் தேவையில்லை. குடித்தலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்த சர்பத் நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. ஈரானியர்கள் தங்கள் மலைகளில் விளையும் ரூபார்ப் வகையான ‘ரீவாஸ்’ கொண்டு செய்யும் பானத்துக்கும் சர்பத் என்றுதான் பெயர். ஜெர்மனியில் ரூபார்ப் சாற்றுடன் சோடா கலந்தால் அது ‘ஷோர்லெ’.

செய்முறை எளிது. இலையை அடியோடு வெட்டி எறிந்துவிட்டு, அரைக் கிலோ தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி முக்கால் லிட்டர் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். அலுமினியம், செம்புப் பாத்திரங்கள் ஆகாது. புளிப்பு அவற்றை அரிக்கும். தண்டு நார்நாராகப் பிரிந்து, சிவப்பெல்லாம் நீரில் இறங்கி, சக்கை வெளுத்துக் கிடந்தால் பதம். துணியில் வடிகட்டும்போது பிழியக் கூடாது, தானாகச் சொட்டட்டும். பிழிந்தால் சாறு கலங்கிவிடும். சூடு ஆறுமுன் 150 முதல் 200 கிராம் சீனியைக் கரைக்கலாம். இஞ்சித் துண்டு சேர்ப்பதென்றால் கொதிக்கும்போதே சேர்க்க வேண்டும். பச்சை நிறத் தண்டானால் ரோஜா நிறம் வராது, சுவை குறையாது. ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குளிர்ந்த நீரோ சோடாவோ ஊற்றிக் குடிக்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது; இலையில் இருக்கும் ஆக்சாலிக் அமிலம் தண்டிலும் ஓரளவு உண்டு.