சர்வைலன்ஸ்: கண்காணிப்பா, வேவா?

சர்வைலன்ஸ் (surveillance) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும், அதனால் வரும் பயத்துக்கும் தமிழில் என்ன சொல்லலாம்? சர்வைலன்ஸ் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 'சுர்' என்றால் மேலே. 'வெய்யே' என்றால் விழித்திருத்தல். அதுவரை சரி. ஆனால் இந்தச் சொல் பேர் வாங்கியது பிரெஞ்சுப் புரட்சியில். 1793 மார்ச்சில் ஊர்தோறும் 'சுர்வெயான்ஸ்' குழுக்கள் அமைந்தன. முதலில் அயல்நாட்டாரைப் பதிவு செய்வதுதான் வேலை. செப்டம்பர் 17-இல் சந்தேகத்துக்குரியோர் சட்டம் வந்ததும், பட்டியல் எழுதிக் கைது செய்யும் அதிகாரமும் அவர்கள் கைக்குப் போனது. நடத்தை, தொடர்பு, பேச்சு, எழுத்து: இவற்றில் ஒன்று போதும், பெயர் ஏறிவிடும். குற்றம் செய்திருக்கவே வேண்டாம். இன்று நம் போன்கள் வழியாகச் சேகரிக்கப்படுவதும் ஏறக்குறைய இதே நான்குதான் என்பது என்னைக் கலங்க வைக்கிறது.

தமிழில் கண்காணிப்பு என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. கண்காணி என்றால் மேற்பார்ப்பவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணியும் அவரே. 'மருத்துவர் கண்காணிப்பில் இருக்கிறார்' என்னும்போது அதில் அக்கறையும் உண்டு. அதனால் தெருக் கேமராவுக்குக் கண்காணிப்பு பொருந்தும். ஒருவருக்குத் தெரியாமல் அவர் போனுக்குள் நுழைவதை அப்படிச் சொல்லக் கூடாது, அது வேவு. பேச்சை மட்டும் கேட்டால் ஒட்டுக்கேட்பு.

அப்புறம், 'செய்யாத தப்புக்கு மாட்டிக்கொள்வோமோ' என்ற பயம். இதற்கு வீண்பழி அச்சம் என்பதே போதும், புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம். இது வெறும் மனப்பிரமையும் அல்ல. அமெரிக்காவில் டெட்ராய்ட் காவல்துறை 2020 ஜனவரியில் ஒரு கறுப்பினத்தவரை, மனைவியும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டு வாசலில் விலங்கிட்டது. காரணம், 2018-இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயிருந்தன. கடை வீடியோவில் இருந்த மங்கலான முகத்தை, அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு முக அடையாள மென்பொருள் பொருத்திவிட்டது. விசாரணையில் அந்தக் கடை வீடியோப் படத்தை அவர் தம் முகத்தருகே தூக்கிப் பிடித்துக் காட்டினார்; துளியும் ஒற்றுமை இல்லை. அப்படியும் சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் தொடுத்த வழக்கு 2024-இல் சமரசத்தில் முடிந்தது. முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து இனிக் கைது செய்யக் கூடாது என்று அதில் எழுதப்பட்டது.

நம் செய்திகளில் 'முக அடையாள மென்பொருள் குற்றவாளியை அடையாளம் கண்டது' என்று எழுதுகிறோம். மென்பொருள் சொல்வது 'இந்த முகம் ஒத்துப்போகலாம்' என்பதை மட்டுமே. அதையே எழுதினால் போதும்.