எல்லாக் கிழங்குக்கும் ஆடிப்பட்டம் ஆகாது

ஆடி பிறந்ததும் கையிலிருக்கும் விதைப் பொட்டலம் அத்தனையையும் ஒரே நாளில் ஊன்றிவிடும் பழக்கம் வீட்டுத்தோட்டக்காரர்களிடம் உண்டு. வெண்டை, அவரைக்கு அது சரி. கேரட்டுக்குச் சரிவராது. தழை தளதளவென்று வளரும். பிடுங்கினால் சுண்டுவிரல் அளவில் வெளிறிய வேர்தான் இருக்கும். உரம் போதவில்லையென்று இன்னும் எருவைக் கொட்டுகிறார்கள். குறை உரத்தில் இல்லை, நாளில்.

கேரட் முதல் 45 நாள் தழை விடும். அதன் பிறகே வேர் பருக்கும். வேர் பருத்து நிறம் ஏற 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் சூடு உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினால் வேர் குட்டையாகி வெளிறும். சமவெளியில் கொஞ்சமாவது குளிரும் இரவுகள் மார்கழியிலும் தையிலும்தான் வருகின்றன. அங்கிருந்து 45 நாள் பின்னோக்கி எண்ணினால் ஐப்பசிக் கடைசி, கார்த்திகைத் தொடக்கம். கடலோர மாவட்டங்களில் அது அடைமழைக் காலம். பொடி விதை மழையடியில் அடித்துப் போகும், தப்பி முளைத்ததும் அழுகும். அதனால் செடி வளர்க்கும் பையை மழைச்சாரல் படாத, வெயில் படுகிற இடத்தில் வைத்து விதையுங்கள். கோவை, தருமபுரி பக்கம் ஐப்பசி முதல் வாரத்திலேயே தொடங்கலாம்.

பை 12 அங்குல ஆழமாவது இருக்கட்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் சலித்துக் கலக்குங்கள். கல்லோ மக்காத சாணமோ இருந்தால் வேர் இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். விதையை மணலோடு கலந்து அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவி, தென்னைநார்க் கழிவால் மூடுங்கள். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக்கூடாது. நாற்றைப் பிடுங்கி நடக்கூடாது, ஆணிவேர் வளைந்துவிடும். மூன்றாம் வாரம் செடிக்குச் செடி 2 அங்குலம் இருக்கும்படி மிச்ச நாற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட மனசு வர வேண்டும். பலருக்கு அது வருவதில்லை. நெருக்கிக்கொண்டு எதுவும் பருப்பதில்லை.

பீட்ரூட் இவ்வளவு கறார் இல்லை. ஆவணி முதல் கார்த்திகை வரை விதைக்கலாம். ஒரு விதை போலத் தெரிவது பல விதைகளின் கொத்து. ஒரே இடத்தில் மூன்று நான்கு முளை வரும். ஒன்றை மட்டும் விட்டு இடைவெளி 4 அங்குலம் கொடுங்கள். முள்ளங்கிக்கு ஆடி பொருந்தும். கோடையிலும் வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் பூசா சேட்கி ரகம். 45 நாளில் பிடுங்கிவிடுங்கள், விட்டால் உள்ளே பஞ்சாகிவிடும்.

சேனைக்குச் சித்திரை, வைகாசி. அரை முதல் முக்கால் கிலோ துண்டு ஒவ்வொன்றிலும் நடுக்குருத்தின் ஒரு பகுதி இருக்க வேண்டும், அது இல்லாத துண்டு முளைக்கத் தாமதமாகும். வெட்டுவாயைச் சாணிக்கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி ஒன்றரை அடிக் குழியில் வையுங்கள். எட்டு மாதம் கழித்துத் தழை மஞ்சளாகிச் சாயும்போது, பொங்கலையொட்டித் தோண்டலாம். தென்காசி, திருநெல்வேலியில் பொங்கலுக்குத் தேடும் சிறுகிழங்கின் கொடித்துண்டை ஆடியில் நட வேண்டும். ஐப்பசியில் நட்டால் கொடி வளருமுன்பே பனி வந்துவிடும், கிழங்கு சுண்டைக்காய் அளவோடு நின்றுவிடும்.

சர்க்கரைவள்ளிக்கு ஆனி அல்லது புரட்டாசி. கொடி நுனியில் 10 அங்குலம் வெட்டி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். ஒரு மாதம் ஆனதும் இரண்டு வாரத்துக்கொருமுறை கொடியைத் தூக்கிப் புரட்டிவிடுங்கள். இல்லையென்றால் கணுவுக்குக் கணு வேர்விட்டுச் சத்து சிதறும். கிழங்கு பருக்கும்போது மண் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு இறங்கிக் கிழங்கைத் துளைக்கும், துளைத்த கிழங்கு கசக்கும். வெடிப்பைக் கண்ட அன்றே மண் அணைத்து மூடிவிடுங்கள்.