விருந்துப் பொருநர்: சொல்லும் பொருளும்

சண்டை விளையாட்டு ஒன்றில், அந்த ஆட்டத்துக்குச் சொந்தமில்லாத வேறோர் ஆட்டத்தையோ திரைப்படத்தையோ படக்கதையையோ சேர்ந்த ஒருவர் வந்து களமிறங்கினால், அவரை ஆங்கிலத்தில் ‘கெஸ்ட் கேரக்டர்’ என்று அழைக்கிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இவ்வகை ஆட்டங்களை ஆடும் இளைஞர்கள் பேச்சில் அதைக் ‘கெஸ்ட்’ என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். தமிழில் எழுத முனைவோரோ ‘விருந்தினர் பாத்திரம்’, ‘சிறப்புத் தோற்றம்’, ‘கௌரவ வேடம்’ என்று இடத்துக்கு ஒன்றாக எழுதுகிறார்கள். இதற்கு ‘விருந்துப் பொருநர்’ என்னும் சொல் பொருந்தும் என்பது என் கருத்து. அதை நிறுவுவதற்கு முன்னால், இந்த விருந்தினர் எப்படி வருகிறார், அவரை அழைப்பவர் யார், அனுப்புபவர் யார் என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஆட்டத்தை வடிவமைப்பவரின் விருப்பம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், நிறுவனங்களுக்கு இடையிலான வணிக உறவு இசையாவிட்டால் எந்த விருந்தினரும் வாசல் தாண்டுவதில்லை.

முதலில் ஓர் எல்லைக்கோடு. ‘கிராஸ்ஓவர்’ என்பதும் ‘கெஸ்ட்’ என்பதும் ஒன்றல்ல. கேப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’, 2000இல் வெளியிட்ட ‘கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே’ ஆகியவற்றில் இரண்டு தரப்பும் சமமாக நிற்கின்றன. தலைப்பிலேயே இருவர் பெயரும் இருக்கிறது. இத்தகைய ஆட்டத்தைக் கூட்டுக்களம் என்று சொல்லலாம். அங்கே இருவருமே வீட்டுக்காரர்கள். ஒருவருக்கே உரிய வீட்டுக்குள் வெளியாள் வரும்போதுதான் விருந்தினர் என்ற பேச்சு எழுகிறது. கேப்காம் 1994இல் எக்ஸ்-மென் படக்கதைகளை வெளியிடும் மார்வெலின் உரிமம் பெற்று உருவாக்கிய ‘எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்’ ஆட்டத்தில், ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் சேர்ந்த அகுமா மறைந்திருந்து வெளிப்படுவது இதற்குத் தொடக்க கால எடுத்துக்காட்டு. கூட்டுக்களத்துக்குள்ளேயே விருந்தினர் வருவதும் உண்டு. 2012இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ கேப்காமின் வீரர்களும் நாம்கோவின் வீரர்களும் மோதும் ஆட்டம். ஆனால் அதன் பிளேஸ்டேஷன் பதிப்புகளில் மட்டும் சோனிக்கு உரிய கோல் மெக்ராத், டோரோ, குரோ ஆகியோர் கூடுதலாக இருந்தார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு இப்பொருளுக்கு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ட்’, விருந்தளிப்பவரைக் குறிக்கும் ‘ஹோஸ்ட்’ ஆகிய இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஒரே பழைய வேரிலிருந்து பிறந்தவை. இலத்தீனில் பகைவரைக் குறிக்கும் ‘ஹோஸ்டிஸ்’ என்ற சொல்லும் அதே வேரினது. ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட அயலார் என்பது அவ்வேரின் ஆதிப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. இன்று நான் உன் வீட்டுக்கு வந்தால் நாளை நீ என் வீட்டுக்கு வரலாம் என்ற பரிமாற்றக் கடமை அச்சொல்லுக்குள்ளேயே இருந்தது. மேடையும் தொலைக்காட்சியும் அதைக் ‘கெஸ்ட் ஸ்டார்’ ஆக்கி எடுத்துக்கொண்டன. காணொளி விளையாட்டுக்கு வந்தபோது பரிமாற்றம் என்ற பழைய பொருள் மீண்டும் உயிர்பெற்றது.

வணிக உறவு எவ்வளவு வெளிப்படையாகத் தெரியக்கூடும் என்பதற்கு நாம்கோவின் ‘சோல்கேலிபர் 2’ சிறந்த சான்று. 2003இல் அது வீட்டில் ஆடும் விளையாட்டுக் கருவிகளுக்கு (‘கன்சோல்’) வந்தபோது, நிண்டெண்டோ கேம்கியூப் பதிப்பில் நிண்டெண்டோவின் லிங்க், எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் டாட் மெக்ஃபார்லேனின் படக்கதை நாயகன் ஸ்பான், பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் நாம்கோவின் சொந்த டெக்கன் வரிசையைச் சேர்ந்த ஹெய்ஹாச்சி என்று மூன்று வெவ்வேறு விருந்தினர்கள் இருந்தார்கள். ஆட்டம் ஒன்றுதான், எந்தப் பெட்டியில் ஆடுகிறோம் என்பது விருந்தினரை முடிவு செய்தது. பத்தாண்டு கழித்து, 2013இல், அதே ஆட்டம் மெருகேற்றப்பட்டு பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்தபோது ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் இருந்தார்கள், லிங்க் இல்லை. நிண்டெண்டோவின் கருவி எதற்கும் அப்பதிப்பு வராதபோது நிண்டெண்டோவின் நாயகனை அங்கே எதிர்பார்க்க இயலாது. 2008இல் ‘சோல்கேலிபர் 4’ இதே வழியில் டார்த் வேடரை பிளேஸ்டேஷன் 3க்கும் யோடாவை எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிரித்துக் கொடுத்தது. பின்னர் இருவரும் இரு பக்கமும் கட்டணத்துக்குக் கிடைத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் 360க்கு மட்டும் வந்த ‘டெட் ஆர் அலைவ் 4’இல் மைக்ரோசாஃப்டின் ஹேலோ உலகத்து ஸ்பார்ட்டன் வீரர் வந்ததும், 2011இன் ‘மார்ட்டல் காம்பாட்’ ஆட்டத்தில் பிளேஸ்டேஷன் பதிப்புகளில் மட்டும் சோனியின் கிரேட்டோஸ் வந்ததும் இதே வகையைச் சேர்ந்தவை. இங்கே கருவி விற்கும் நிறுவனமே தன் நாயகனை அனுப்பி வைக்கிறது. தன் பெட்டிக்குள் மட்டும் அவரை நிறுத்துவதில் அதற்கு ஆதாயம் இருக்கிறது.

உரிமையாளர் மாறும்போது விருந்தினர் பட்டியலும் மாறுகிறது. ‘மார்ட்டல் காம்பாட்’ வரிசையை நடத்திய மிட்வே நிறுவனம் 2009இல் திவாலாக, வார்னர் பிரதர்ஸ் அதன் சொத்துகளை வாங்கியது. டிசி படக்கதைகளும், ஃபிரெடி குரூகரின் திரைப்படங்களை எடுத்த நியூ லைன் சினிமாவும் ஏற்கெனவே வார்னரிடம் இருந்தன. அடுத்து வந்த 2011 ஆட்டத்தில் ஃபிரெடி குரூகர் வந்தார். 2013இல் டிசி நாயகர்களைக் கொண்ட ‘இன்ஜஸ்டிஸ்’ ஆட்டத்துக்கு ‘மார்ட்டல் காம்பாட்’ ஸ்கார்ப்பியன் சென்றார். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் அறை மாறுவது எளிது. இருந்தாலும் கூரையே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே வரிசையின் ‘மார்ட்டல் காம்பாட் எக்ஸ்’ ஆட்டத்துக்கு வந்த பிரிடேட்டரும் ஏலியனும் அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு உரியவர்கள். போட்டியாளரிடமிருந்தும் உரிமம் பெறலாம்; விலையும் நிபந்தனையும் பேசி முடிக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு வழி, பழகிய கையின் வழி. ‘தி விட்சர் 3’ ஆட்டத்தை மேற்கு ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுசென்றது பண்டாய் நாம்கோ (முன்பு சொன்ன நாம்கோ, பண்டாயுடன் இணைந்தபின் பெற்ற பெயர்). அந்நிறுவனத்தின் ‘சோல்கேலிபர் 6’ 2018இல் வந்தபோது, விட்சர் நாயகன் கெரால்ட் அதில் இருந்தார். சேகாவுக்கு உரிய பேயோனெட்டாவின் இரண்டாம் ஆட்டத்தை 2014இல் வெளியிட்டது நிண்டெண்டோ. 2016இல் பேயோனெட்டா நிண்டெண்டோவின் ‘ஸ்மாஷ் பிரதர்ஸ்’ களத்தில் இறங்கினார். இவை அந்த உறவுகளால்தான் நடந்தன என்று எழுத்தில் எவரும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. முன்பே ஒப்பந்தம் செய்து பழகியவர்களிடம் அடுத்த ஒப்பந்தத்தைப் பேசுவது எளிதென்பது வணிகம் அறிந்தோர்க்குத் தெரிந்ததே.

‘ஸ்மாஷ் பிரதர்ஸ்’ வரிசை தனியே பேசத் தக்கது, ஏனெனில் அதில் நிறுவன உறவுகளின் கால்நூற்றாண்டு வரலாற்றையே படிக்கலாம். 2008இல் கொனாமியின் ஸ்னேக், சேகாவின் சோனிக் ஆகிய இருவர் வெளியிலிருந்து முதன்முதலாக வந்தனர். ஒரு காலத்தில் நிண்டெண்டோவுக்கு நேர் எதிரியாகக் கருவி விற்ற சேகா, 2001இல் கருவித் தொழிலை விட்டுவிட்டு ஆட்டங்களை மட்டும் வெளியிடும் நிறுவனமாக மாறியிராவிட்டால், மாரியோவும் சோனிக்கும் ஒரே களத்தில் நின்றிருப்பார்களா என்பது ஐயமே. 1997இல் நிண்டெண்டோவை விட்டு விலகி பிளேஸ்டேஷனுக்குச் சென்ற ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’இன் கிளவுட், 2015இல் நிண்டெண்டோவின் களத்துக்கு வந்தார். நிண்டெண்டோ 64 காலத்தில் ரேர் நிறுவனம் உருவாக்கிய பேஞ்சோவும் கசூயியும், 2002இல் மைக்ரோசாஃப்ட் ரேரை வாங்கிவிட்டதால் போட்டியாளரின் சொத்தாகி, 2019இல் விருந்தினராகத் திரும்பினார்கள். பிறந்த வீட்டுக்கே விருந்தாளியாக வருவது போன்ற அந்த வருகையை உலகெங்கும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2021இல் கடைசியாக வந்த, டிஸ்னி பாத்திரங்களும் இடம்பெறும் ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ ஆட்டத்தின் நாயகன் சோராவுக்கு ஸ்கொயர் எனிக்ஸுடன் டிஸ்னியின் இசைவும் வேண்டியிருந்தது. உறவுதான் எல்லாம் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2014இன் ‘ஸ்மாஷ்’ ஆட்டத்தை உருவாக்கும் பணியில் பண்டாய் நாம்கோ நேரடியாகப் பங்கு கொண்டது, ஆயினும் அதன் தரப்பிலிருந்து ஆடக்கூடியவராக வந்தவர் பேக்-மேன் ஒருவரே. உறவு கதவைத் திறக்கிறது. எத்தனை பேர் நுழையலாம் என்பதை வடிவமைப்பவரின் மனமும் தீர்மானிக்கிறது.

அண்மைக் காலத்தில் பரிமாற்றம் முன்னிலும் வெளிப்படையாகியிருக்கிறது. எஸ்என்கே நிறுவனத்தின் டெரி 2024இலும் மாய் 2025இலும் கேப்காமின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’க்குச் சென்றார்கள், எஸ்என்கேயின் ‘சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ்’ ஆட்டத்துக்குக் கேப்காமின் கென், சுன்-லீ ஆகியோர் வந்தார்கள். அதே ஆட்டத்தில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் களமிறங்குகிறார். எஸ்என்கேயின் பெரும்பான்மைப் பங்குகள் சவூதி இளவரசர் முஹம்மது பின் சல்மான் நிறுவிய மிஸ்க் அறக்கட்டளையின் துணை நிறுவனத்திடம் இருக்கின்றன. ரொனால்டோ 2022இன் இறுதியில் சவூதியின் அல் நஸ்ர் அணியில் சேர்ந்தவர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சண்டைக் களத்தின் விருந்தினரைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் கதையைப் படித்தால் போதாது, பங்குதாரர் பட்டியலையும் படிக்க வேண்டும்.

வராதவரும் இதையே உணர்த்துகிறார். 2017இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்’ ஆட்டத்தில் எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. அவ்வரிசையே எக்ஸ்-மென்னிலிருந்து பிறந்தது என்பதை நினைத்தால் இழப்பின் அளவு விளங்கும். எக்ஸ்-மென்னின் திரைப்பட உரிமை அப்போது ஃபாக்ஸிடம் இருந்தது. மார்வெலின் உரிமையாளரான டிஸ்னிக்கு அவர்களை முன்னிறுத்துவதில் ஆர்வம் இல்லை என்பதே ரசிகர்கள் பலரின் முடிவு. பாத்திரங்களை அவற்றின் செயல்பாடுகளாகவே பார்க்க வேண்டும் என்று கேப்காம் தரப்பில் கூறப்பட்ட விளக்கம் அவர்களை ஆற்றவில்லை. நேசித்த ஒருவரை இன்னொருவரின் அடிமுறைகளால் ஈடுசெய்ய முடியாது என்ற அவர்களுடைய வருத்தம் நியாயமானது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘கௌரவ வேடம்’ என்பது புகழ்பெற்ற நடிகர் ஒருவர் நட்புக்காகச் சில நிமிடங்கள் வந்து போவதைக் குறிக்கிறது. சண்டை ஆட்டத்தின் விருந்தினரோ முழுநேர வீரர். பெரும்பாலும் தனிக் கட்டணத்துக்கு விற்கப்படுபவர். ஆகவே அச்சொல் பொருந்தாது. ‘சிறப்புத் தோற்றம்’ என்பதற்கும் அதே குறை. ‘விருந்தினர் பாத்திரம்’ பொருளில் பிழையற்றது; எனினும் சண்டைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, எந்தக் கதைக்கும் பொதுவாக நிற்கிறது.

‘பொருநர்’ என்பதில் பொருதல், அதாவது போரிடுதல், வேராக இருக்கிறது. பழந்தமிழில் அது போர்வீரரையும் தலைவரையும் குறித்தது. களம் பாடிக்கொண்டு புரவலரை நாடிச் சென்ற கலைஞரையும் குறித்தது. போரிடுபவர், நிகழ்த்திக் காட்டுபவர், வேறொருவர் அவைக்குச் சென்று வரவேற்கப்படுபவர் என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லில் அடங்குவது நமக்கு வாய்த்த பேறு. குமரி மாவட்டத்தாருக்கு அது அயற்சொல்லும் அன்று: புறநானூற்றின் 140ஆம் பாடல் நம் நாஞ்சில் மலைத் தலைவன் வள்ளுவனை ‘நாஞ்சில் பொருநன்’ என்றே சுட்டுகிறது. ‘பொருநர்’ என்பது ஆண், பெண் இருபாலுக்கும் நிற்பதால், கெரால்டுக்கும் மாய்க்கும் தனித்தனிச் சொல் தேட வேண்டியதில்லை.

‘விருந்து’ என்பதன் பழைய பொருள் புதுமை. நூலுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் விருந்தைச் சொல்லும்போது புதிதாகப் படைப்பதையே கருதுகிறது. அதிலிருந்து புதிதாய் வந்தவர், பிறகு அவருக்கு இடும் உணவு என்று பொருள் நகர்ந்தது. நம் பக்கத்துப் பேச்சில் வீட்டுக்கு வருபவரை ‘விருந்துக்காரர்’ என்று சொல்வதில் அந்த இடைநிலைப் பொருள் இன்னும் வாழ்கிறது. எனவே ‘விருந்துப் பொருநர்’ என்பது புதிதாய் வந்த அயல் வீரர் என்று நேராகப் பொருள் தரும். ஒரு நிறுவனம் தன் சொந்த ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்பவரை, ‘சோல்கேலிபர் 2’இன் ஹெய்ஹாச்சியைப் போன்றவரை, ‘இல்லப் பொருநர்’ என்று வேறுபடுத்தி எழுதலாம்.

விருந்து என்னும் சொல் ஒன்றை மட்டும் மறைக்கிறது: இவ்வருகைக்குப் பின்னால் உள்ள ஒப்பந்தம். அதற்கு நம் மாவட்டத்துச் சொல் ஒன்று இருக்கிறது. தென்னந்தோப்பையும் ரப்பர் தோட்டத்தையும் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுப்பவருக்கு மரம் சொந்தமில்லை. குறித்த காலத்துக்கு விளைவு மட்டுமே அவருக்கு உரியது. உரிமம் பெற்ற விருந்துப் பொருநரின் நிலையும் அதுவே. ஆகவே இத்தகைய உரிமத்தின் காலவரையறையைப் ‘பாட்டக்காலம்’ என்றும், அது தீர்வதைப் ‘பாட்டம் முடிதல்’ என்றும் எழுதலாம். விருந்துப் பொருநரைப் பற்றித் தமிழில் குறிப்பெழுதுவோர், அவர் எந்த ஆட்டத்திலிருந்து வந்தார் என்பதோடு, உரிமையாளர் யார், எந்தக் கருவியில் மட்டும் கிடைக்கிறார், பாட்டக்காலம் தெரியுமானால் அது என்ன ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கூட்டுக்களங்களுக்கும் இது பொருந்தும்: ‘அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3’ 2011இல் வெளிவந்தது, பாட்டம் முடிந்ததால் 2013 டிசம்பரில் இணைய அங்காடிகளிலிருந்து நீக்கப்பட்டது, புதிய உரிமத்துடன் 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4க்கு மீண்டும் வந்தது.